சித்திரக்கதைப் படைப்பாளிக்கு வயது முக்கியமா?

1960களின் நடுப்பகுதியில் நியூயார்க் நகரில் ஒரே அலுவலகத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் இந்தக் கேள்விக்கு நல்ல தொடக்கமாக அமையும்.

சூப்பர்மேன் சித்திரக்கதைகளை வெளியிட்டு வந்த நிறுவனம் அது. பின்னாளில் டிசி காமிக்ஸ் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. அங்கே சூப்பர்மேன் வரிசை இதழ்களுக்கு ஆசிரியராக இருந்தவர் மார்ட் வைசிங்கர். 1966ஆம் ஆண்டு அவர் நடத்திய 'அட்வெஞ்சர் காமிக்ஸ்' இதழில் ஜிம் ஷூட்டர் என்ற புதிய எழுத்தாளரின் கதை வெளிவந்தது. எழுத்தாளருக்கு வயது 14. பிட்ஸ்பர்க் நகரில் பள்ளிக்குப் போய்க் கொண்டிருந்த மாணவர்.

ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு எழுத்தாளருக்கு அந்த அலுவலகத்தின் கதவு அடைபட்டது. அவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். அப்போது 50 வயதைக் கடந்திருந்தார். தாம் படைத்த பாத்திரத்தின் உரிமையை மீண்டும் கேட்க முற்பட்டதே அவர் செய்த குற்றம்.

சிறுவனுக்கு இடம் கொடுப்பதற்காக முதியவரை அனுப்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஒன்றுக்கும் மற்றதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, சித்திரக்கதைத் தொழிலில் வயது என்ன வேலை செய்கிறது என்பது புலப்படத் தொடங்குகிறது.

இதில் இரு தரப்பு வாதங்கள் உண்டு. "சித்திரக்கதையைப் படிப்பவர்கள் சிறுவர்கள். அவர்களுடைய மனத்தை அறிந்த இளைஞர்களால்தான் அதைப் படைக்க முடியும்" என்பது ஒரு சாராரின் கருத்து. "கதைக்கு வேண்டியது அனுபவம். வயது கூடக் கூட எழுத்தும் கோடும் முதிரும்" என்பது மறு சாராரின் கருத்து. வரலாறு எந்தப் பக்கம் நிற்கிறது?

*இளைஞர்கள் கட்டிய தொழில்*

முதல் தரப்புக்குச் சான்றுகள் ஏராளம். அமெரிக்கக் காமிக்ஸ் தொழிலே இளைஞர்கள் கட்டியதுதான்.

சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் 1914ஆம் ஆண்டு பிறந்தவர்கள். கிளீவ்லேண்ட் நகரில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். சூப்பர்மேன் என்ற எண்ணம் அவர்களிடம் உருவானபோது இருவருக்கும் இன்னும் 20 வயதாகவில்லை. பல ஆண்டுகள் பல இடங்களில் நிராகரிக்கப்பட்ட பிறகு, 1938ஆம் ஆண்டு 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் வெளிவந்தது. அப்போது அவர்களுக்கு வயது 23.

மறு ஆண்டு பேட்மேன் வந்தது. ஓவியர் பாப் கேனுக்கு அப்போது 23 வயது. கதை எழுதிய பில் ஃபிங்கருக்கு 25. அவர்களிடம் உதவியாளராகச் சேர்ந்த ஜெர்ரி ராபின்சனுக்கு 17. கேப்டன் அமெரிக்காவை ஜோ சைமனுடன் சேர்ந்து படைத்த ஜேக் கிர்பிக்கு அப்போது 23. அதே நிறுவனத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த ஸ்டான் லீ, 1941ஆம் ஆண்டு இறுதியில் ஆசிரியர் நாற்காலியில் அமர்த்தப்பட்டபோது 19 வயதுகூட நிறையவில்லை.

இத்தனை இளைஞர்கள் ஒரே தொழிலில் வந்து குவிந்ததற்குக் காரணம் என்ன? திறமை மட்டும் என்று சொன்னால் அது பாதி உண்மை. அது பொருளாதார மந்தக் காலம். வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. இவர்களில் பலர் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பெரிய நாளேடுகளும் விளம்பர நிறுவனங்களும் இவர்களுக்கு எளிதில் இடம் கொடுக்கவில்லை. காமிக்ஸ் அப்போது மதிப்பில்லாத தொழில். மதிப்புள்ள ஓவியர்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. இரவு பகலாக வரைந்து கொடுக்க வேண்டும். அந்தக் கூலிக்கு அவ்வளவு வேகமாக உழைக்கக் கூடியவர்கள் பொறுப்புகள் இல்லாத இளைஞர்கள்தாம். பதிப்பாளர்களுக்கு அவர்களுடைய கற்பனை பிடித்திருந்தது. அதைவிட அவர்களுடைய விலை பிடித்திருந்தது.

*130 டாலர்*

அந்த விலை எவ்வளவு என்பதற்குச் சூப்பர்மேனே சாட்சி. 13 பக்கங்கள், பக்கத்துக்கு 10 டாலர், ஆக மொத்தம் 130 டாலர். 1938ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்தத் தொகையைப் பெற்றுக் கொண்டு, சூப்பர்மேன் என்ற பாத்திரத்தின் எல்லா உரிமைகளையும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள் சீகலும் ஷஸ்டரும்.

அவர்கள் ஏமாளிகள் என்று இன்று சொல்வது எளிது. அவர்கள் இருந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் கதவு கதவாகத் தட்டியவர்களுக்கு முதல் முறையாக ஒரு கதவு திறந்தது. வழக்கறிஞரை வைத்து ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வசதியும் இல்லை, அப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல மூத்தவர்களும் இல்லை. தொழிலே புதிது. அதில் மூத்தவர் என்று யார் இருக்க முடியும்?

சூப்பர்மேன் இதழ்கள் லட்சக்கணக்கில் விற்றன. வானொலித் தொடர் வந்தது, திரைப்படம் வந்தது, விளையாட்டுப் பொருள்கள் வந்தன. 1947ஆம் ஆண்டு இருவரும் நீதிமன்றம் சென்றார்கள். வழக்கு ஓர் இழப்பீட்டுத் தொகையோடு முடிந்தது. அதற்குப் பிறகு அவர்களுடைய வேலையும் போயிற்று. சூப்பர்மேன் கதைகளின் தலைப்பில் வந்து கொண்டிருந்த அவர்களுடைய பெயர்களும் நீக்கப்பட்டன. அப்போது அவர்கள் 35 வயதைக்கூட எட்டவில்லை.

*பள்ளி மாணவரின் கதை*

மீண்டும் ஜிம் ஷூட்டரிடம் வரலாம். இளமைக் கட்சிக்கு அவரைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

அவருடைய தந்தை இரும்பாலைத் தொழிலாளி. வீட்டில் பணத்தட்டுப்பாடு. ஷூட்டர் 12 வயதில் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தபோது, அங்கே கிடந்த காமிக்ஸ்களைப் படித்தார். மார்வெல் நிறுவனத்தின் கதைகள் விறுவிறுப்பாக இருந்தன. டிசி நிறுவனத்தின் கதைகள் அந்த அளவுக்கு இல்லை. சுமாராக இருக்கும் கதைகளை இன்னும் நன்றாக எழுதிக் கொடுத்தால் வாங்கிக் கொள்ள மாட்டார்களா என்று அந்தச் சிறுவனுக்குத் தோன்றியது. ஓராண்டு காலம் கதைகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார். பிறகு தாமே கதை எழுதி, கட்டங்களும் போட்டு வைசிங்கருக்கு அனுப்பி வைத்தார்.

வைசிங்கர் வாங்கிக் கொண்டார். எழுதியவரின் வயது அவருக்குப் பிறகுதான் தெரிய வந்தது. தெரிந்த பிறகும் வேலை கொடுத்தார். பள்ளிப் படிப்பு முடியும் வரை ஷூட்டர் எழுதினார். அந்தப் பணம் குடும்பத்துக்கு உதவியது. எதிர்காலத்தில் வாழும் பதின்ம வயது வீரர்களின் அணியைப் பற்றிய தொடர் அது. அதில் ஃபெர்ரோ லேட் என்ற வீரனைத் தன்னுயிரைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்ற வைத்தார் ஷூட்டர். வீரர்கள் சாவதே அரிதாக இருந்த காலத்தில், வாசகர்கள் அதை நீண்ட நாள் மறக்கவில்லை. அது வெளிவந்தபோது அவருக்கு 15 வயது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஷூட்டர் வருவதற்கு முன்பு அதே தொடருக்குக் கதை எழுதியவர்களில் ஜெர்ரி சீகலும் ஒருவர். 1959ஆம் ஆண்டு அவர் மீண்டும் டிசி நிறுவனத்துக்கு வந்து, தாம் படைத்த சூப்பர்மேனுக்கே பெயர் போடாமல் கூலிக்குக் கதை எழுதிக் கொண்டிருந்தார். அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய சில கதைகள் சூப்பர்மேன் வரிசையிலேயே உருக்கமானவை என்று ரசிகர்கள் போற்றுகிறார்கள். ஆக, 14 வயதுக்காரரும் நன்றாக எழுதினார், 45 வயதுக்காரரும் நன்றாக எழுதினார். வயதை வைத்து யார் எழுதியது என்று பிரித்துச் சொல்ல வாசகரால் முடிந்திருக்காது.

ஷூட்டர் பின்னர் 1978ஆம் ஆண்டு, 26 வயதில், மார்வெல் நிறுவனத்தின் தலைமை ஆசிரியரானார். 2025ஆம் ஆண்டு 73 வயதில் காலமானார்.

*நடுவயதினர் படைத்த மாணவன்*

இனி மறு தரப்பு. இளைஞர்களின் மனத்தை இளைஞர்களே அறிவார்கள் என்ற வாதத்தை ஒரே பாத்திரம் தகர்த்து விடுகிறது. அந்தப் பாத்திரம் ஸ்பைடர்மேன்.

பள்ளி மாணவன், தாய் தந்தை இல்லாதவன், சக மாணவர்களின் கேலிக்கு ஆளாகிறவன், அத்தையின் வீட்டு வாடகையைப் பற்றிக் கவலைப்படுகிறவன். உலகெங்கும் பதின்ம வயதினர் தங்களையே கண்ட அந்தப் பாத்திரம் 1962ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுதிய ஸ்டான் லீக்கு அப்போது 39 வயது. வரைந்த ஸ்டீவ் டிட்கோவுக்கு 34.

அதற்கு முந்திய ஆண்டு லீயும் ஜேக் கிர்பியும் சேர்ந்து 'ஃபெண்டாஸ்டிக் ஃபோர்' இதழைத் தொடங்கியபோது லீக்கு 38, கிர்பிக்கு 40க்கு மேல். லீ இருபது ஆண்டுகளாக அதே தொழிலில் உழன்று சலித்துப் போயிருந்தார். வேலையை விட்டுவிட எண்ணியதாகவும், "விடத்தானே போகிறீர்கள், ஒரு முறையாவது உங்களுக்குப் பிடித்த மாதிரி எழுதிப் பாருங்கள்" என்ற பொருளில் மனைவி சொன்னதாகவும் அவரே பலமுறை கூறியிருக்கிறார். வீரர்கள் தங்களுக்குள் சண்டை போட்டார்கள், வாடகை கட்ட முடியாமல் தவித்தார்கள், தங்களுடைய உருவத்தை வெறுத்தார்கள். குடும்பம் நடத்திப் பார்த்தவர்கள் எழுதிய கதைகள் அவை. 23 வயதில் இதே கிர்பி வரைந்த கேப்டன் அமெரிக்கா ஹிட்லரை ஒரே குத்தில் வீழ்த்தினார். 44 வயதில் அவர் வரைந்த வீரர்களுக்குக் குத்தினால் தீராத கவலைகளும் இருந்தன.

*1968: கேட்டவர்களுக்குக் கிடைத்தது*

அப்படியானால் வயது ஒரு பொருட்டே இல்லையா? கதைக்கு இல்லை. தொழிலுக்கு உண்டு. அதைக் காட்டிய ஆண்டு 1968.

டிசி நிறுவனத்துக்கு 20, 30 ஆண்டுகளாகக் கதை எழுதி வந்த மூத்த எழுத்தாளர்கள் சிலர் அந்தக் காலகட்டத்தில் ஒன்று சேர்ந்து நிர்வாகத்திடம் கோரிக்கை வைத்தார்கள். அவர்களில் ஃபிளாஷ் போன்ற வீரர்களைப் படைத்த கார்ட்னர் ஃபாக்ஸ், பேட்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான பில் ஃபிங்கர், ஆட்டோ பைண்டர், ஜான் புரூம், ஆர்னால்ட் டிரேக் ஆகியோர் அடங்குவர். பெரும்பாலோர் 50 வயதைத் தாண்டியவர்கள். ஃபாக்ஸுக்கு 57.

அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மருத்துவக் காப்புறுதி, ஓய்வுக்கால உதவி, பழைய கதைகளை மறுபடி அச்சிட்டால் அதற்கு ஒரு சிறு தொகை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாதாரண ஊழியர் ஒருவருக்குச் சேமநிதி என்று ஒன்று சேர்கிறது. அந்த எழுத்தாளர்களுக்கு அதுவும் இல்லை. சட்டத்தின் பார்வையில் அவர்கள் ஊழியர்களே அல்லர். பக்கத்துக்குக் கூலி வாங்கும் தற்காலிக எழுத்தாளர்கள். 20 ஆண்டுகள் எழுதினாலும் தற்காலிகம்தான். உரிமையை விட்டுக் கொடுப்பதாகக் காசோலையின் பின்புறத்திலேயே அச்சடித்திருக்கும் வழக்கமும் இத்தொழிலில் இருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் பணம். போட்டால் உரிமை போயிற்று.

நிர்வாகம் இணங்கவில்லை. யாரையும் கூப்பிட்டு வேலை நீக்கக் கடிதம் கொடுக்கவும் இல்லை. ஊழியராக இல்லாதவருக்கு நீக்கக் கடிதம் எதற்கு? அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கேட்டவர்களில் பலருக்கு வேலை குறைந்தது. சிலருக்கு அறவே நின்றது. ஃபாக்ஸ் நாவல்கள் எழுதிப் பிழைக்கப் போனார்.

அதே ஆண்டுகளில் அலுவலகத்தில் புதிய முகங்கள் தென்பட்டன. லென் வெயினுக்கு 20 வயது. மார்வ் வுல்ஃப்மனுக்கு 22. டென்னி ஓ'நீலுக்கு 29. ஓவியர் நீல் ஆடம்ஸுக்கு 27. இவர்கள் காமிக்ஸ் படித்து வளர்ந்த ரசிகர்கள் தலைமுறையைச் சேர்ந்தவர்கள். மூத்தவர்களின் வேலையைப் பறிக்க வேண்டும் என்று வந்தவர்கள் அல்லர். நன்றாகவும் எழுதினார்கள், வரைந்தார்கள். ஓ'நீலும் ஆடம்ஸும் சேர்ந்து 1970களில் பேட்மேனுக்குப் புத்துயிர் கொடுத்தார்கள். "புதிய இரத்தம் வந்ததால் தொழில் தழைத்தது" என்று பிற்காலத்தில் எழுதப்பட்டது. அது பொய் அல்ல. ஆனால் பழைய இரத்தம் வற்றியதால் வெளியே போகவில்லை. காப்புறுதி கேட்டதால் போயிற்று. வாசகர் ரசனை மாறிவிட்டது என்ற பேச்சு அந்தக் கணக்கை மறைக்க வசதியாக இருந்தது.

பில் ஃபிங்கர் 1974ஆம் ஆண்டு 59 வயதில் இறந்தார். பேட்மேன் இதழ்களில் படைப்பாளி என்று பாப் கேனின் பெயர் மட்டுமே அதுவரை அச்சாகி வந்தது. ஃபிங்கரின் பெயரையும் சேர்த்துப் போட நிறுவனம் ஒப்புக்கொண்ட ஆண்டு 2015.

*தமிழ் வாசகர்கள் அறியாத செய்தி*

டிசி நிறுவனத்தின் கதவு அடைபட்ட பின் ஜெர்ரி சீகல் என்ன செய்தார்? கடல் கடந்து வேலை தேடினார். பிரிட்டனில் வெளிவந்த 'லயன்' என்ற சிறுவர் வார இதழில் ஸ்பைடர் என்றொரு தொடர் வந்து கொண்டிருந்தது. இது மார்வெல் நிறுவனத்தின் ஸ்பைடர்மேன் அல்ல. குற்றவுலகின் சக்கரவர்த்தியாக முடிசூட நினைத்து, பின்னர் குற்றவாளிகளையே வேட்டையாடத் தொடங்கும் விசித்திர நாயகன். டெட் கவன் என்பவர் தொடங்கிய அந்தத் தொடரை 1966ஆம் ஆண்டு முதல் எழுதியவர் சீகல். பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் அந்நாளில் எழுத்தாளர் பெயர் போடும் வழக்கம் இல்லை.

1984ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது, ஸ்பைடர் கதைகள் தமிழுக்கு வந்தன. அந்தத் தலைமுறைத் தமிழ்ச் சிறுவர்களுக்கு ஸ்பைடர் மறக்க முடியாத நாயகன். கையிலிருந்த அந்தச் சிறிய புத்தகத்தின் கதையை எழுதியவர்தான் சூப்பர்மேனைப் படைத்தவர் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? சொந்த நாட்டில் வேலை கிடைக்காத 50 வயது மனிதர் ஒருவர் எழுதிய கதைகள் அவை. அவற்றில் சோர்வு இல்லை, களைப்பு இல்லை. பக்கத்துக்குப் பக்கம் புதுப்புது எந்திரங்கள், புதுப்புது வில்லன்கள். வயதானவர்களால் சிறுவர்களுக்கு எழுத முடியாது என்று சொல்பவர்களுக்கு இந்தக் கதைகளே போதுமான பதில்.

*இளையவர் ஒருவரின் குரல்*

1975ஆம் ஆண்டு சூப்பர்மேன் திரைப்படம் பெரும் செலவில் தயாராகப் போகும் செய்தி வந்தது. அப்போது சீகல் கலிஃபோர்னியாவில் குறைந்த சம்பளத்தில் எழுத்தர் வேலை பார்த்துக் கொண்டிருந்தார். ஷஸ்டரின் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. நியூயார்க்கில் சகோதரரோடு வசித்தார். இருவருக்கும் 61 வயது. தங்களுக்கு நேர்ந்ததை விவரித்து சீகல் ஒரு நீண்ட அறிக்கையைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்.

அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக் கொண்டு ஊர் ஊராகப் பேசியவர் நீல் ஆடம்ஸ். 34 வயது. 1968இல் இளைய தலைமுறையோடு வந்த அதே ஆடம்ஸ். அவருடன் சேர்ந்தவர் ஜெர்ரி ராபின்சன். 17 வயதில் பேட்மேன் வரைய வந்தவர், அப்போது 53 வயது மூத்த கேலிச்சித்திரக்காரர். ஓர் இளையவரும் ஒரு மூத்தவரும் செய்தியாளர்களிடமும் தொலைக்காட்சியிலும் நிறுவனத்திடமும் மாறி மாறிப் பேசினார்கள்.

1975ஆம் ஆண்டு டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. இருவருக்கும் ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 20,000 டாலர், மருத்துவ உதவி. சூப்பர்மேன் கதைகளில் மீண்டும் அவர்களுடைய பெயர்கள் இடம்பெறும். உரிமை திரும்பி வரவில்லை. பெயர் திரும்பி வந்தது. ஷஸ்டர் 1992ஆம் ஆண்டும் சீகல் 1996ஆம் ஆண்டும் காலமானார்கள்.

ஆடம்ஸ் ஏன் இதைச் செய்தார்? அவருக்கு இதில் தனிப்பட்ட லாபம் இல்லை. ஆனால் தொழிலில் இருந்த இளைஞர்களுக்கு அந்த இரு முதியவர்களும் தங்களுடைய எதிர்காலமாகவே தெரிந்தார்கள். இன்றைய 27 வயதுக்காரர் என்றாவது ஒருநாள் 61 வயதை எட்டத்தான் வேண்டும்.

*அதே 23 வயது, வேறு ஒப்பந்தம்*

சீகலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இன்னொருவர் வில் ஐஸ்னர். 1917ஆம் ஆண்டு பிறந்தவர். 1940ஆம் ஆண்டு நாளேடுகளின் ஞாயிறு இணைப்பாக 'தி ஸ்பிரிட்' என்ற துப்பறியும் சித்திரக்கதையைத் தொடங்கினார். அப்போது அவருக்கும் 23 வயது.

ஆனால் ஐஸ்னர் அதற்கு முன்பே சொந்தமாகச் சித்திரக்கதைக் கூடம் நடத்தியவர். கணக்கு வழக்கு அறிந்தவர். கதையின் உரிமை தமக்கே வர வேண்டும் என்று பேசி ஒப்பந்தம் போட்டார். அதே வயது, அதே தொழில், இரண்டே ஆண்டு இடைவெளி. ஒருவர் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்தார். மற்றவர் கையில் வைத்துக் கொண்டார். பிற்கால வாழ்க்கையின் வேறுபாடு இங்கேதான் தொடங்கியது.

1952ஆம் ஆண்டு 'தி ஸ்பிரிட்' நின்ற பிறகு ஐஸ்னர் நீண்ட காலம் இராணுவத்துக்கும் நிறுவனங்களுக்கும் பயிற்சிச் சித்திரங்கள் தயாரித்தார். பலரும் அவருடைய காலம் முடிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1978ஆம் ஆண்டு, 61 வயதில், 'எ காண்ட்ராக்ட் வித் காட்' என்ற நூலை வெளியிட்டார். நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வாழும் மனிதர்களைப் பற்றிய நான்கு கதைகள். மகளைப் பறிகொடுத்த ஒருவர் கடவுளோடு வழக்காடும் கதை அதில் முதன்மையானது. ஐஸ்னரின் மகள் பதின்ம வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தவர். அந்தத் துயரத்தை எழுத அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

சித்திரக்கதை பெரியவர்களுக்குரிய இலக்கியமாகவும் இருக்க முடியும் என்று அமெரிக்காவில் நிலைநாட்டிய நூல்களில் அது ஒன்று. அதன் பிறகு 2005ஆம் ஆண்டு 87 வயதில் இறக்கும் வரை நூலுக்குப் பின் நூலாக எழுதினார். இத்துறையின் முதன்மையான விருதுக்கு 1988ஆம் ஆண்டு முதல் அவருடைய பெயரே வழங்குகிறது.

ஐஸ்னர் தனி ஒருவர் அல்லர். சிறுவயதிலேயே தொழிலுக்கு வந்த ஜோ குபர்ட், ஏறக்குறைய 50 வயதில் நியூ ஜெர்சியில் சித்திரக்கதைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 'மேட்' இதழின் அல் ஜாஃபி 2020ஆம் ஆண்டு ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 99. 1950களில் அக்வாமேன் வரைந்த ரமோனா ஃபிராடன், ரசிகர்களுக்குப் படம் வரைந்து கொடுப்பதை நிறுத்தியது 2024ஆம் ஆண்டு, 97 வயதில். கையும் கண்ணும் ஒத்துழைத்தால் ஓவியருக்கு ஓய்வு வயது கிடையாது. ஷஸ்டருக்குக் கண் ஒத்துழைக்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தானே ஓய்வூதியம் என்று ஒன்று வேண்டியிருக்கிறது.

*ஆசியாவில்*

ஜப்பானின் மங்கா தொழிலும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ஒசாமு தெசுகா 17 வயதில் தொடங்கி, 1989ஆம் ஆண்டு 60 வயதில் இறக்கும் வரை ஓயாமல் வரைந்தவர். எய்ச்சிரோ ஓடா 'ஒன் பீஸ்' தொடரைத் தொடங்கியபோது வயது 22. மறுபுறம், போரில் இடது கையை இழந்து திரும்பிய ஷிகேரு மிசுகிக்கு 40 வயதைத் தாண்டிய பிறகுதான் பெயர் கிடைத்தது. ஒற்றைக் கையால் வரைந்த அவர் 93 வயது வரை வாழ்ந்தார்.

மலேசிய வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான லாட், 1951ஆம் ஆண்டு பேராக்கில் பிறந்தவர். அவருடைய முதல் சித்திரக்கதைப் புத்தகம் 13 வயதில் வெளிவந்தது. ஆனால் உலகம் அவரை அறிந்தது 1979ஆம் ஆண்டு வெளிவந்த 'கம்போங் பாய்' நூலால். சிறுவயதை எழுத அவருக்கு 28 வயது ஆக வேண்டியிருந்தது. கம்பத்தில் வாழும் சிறுவனுக்குக் கம்பம் சாதாரணம். நகரத்துக்கு வந்து திரும்பிப் பார்க்கும் இளைஞருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சிரம்பானில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் சோனி லியூ, 2015ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். தேசியக் கலைகள் மன்றம் அதற்கு அளித்த 8,000 வெள்ளி மானியத்தை மீட்டுக் கொண்டதால் அந்நூல் பரபரப்பாகப் பேசப்பட்டது. 2017ஆம் ஆண்டு அதற்கு மூன்று ஐஸ்னர் விருதுகள் கிடைத்தன. அந்தக் கதையின் நாயகர் யார்? வாழ்நாளெல்லாம் சித்திரக்கதை வரைந்தும் யாராலும் அறியப்படாத ஒரு முதிய கற்பனை ஓவியர். சுமார் 40 வயது ஓவியர் ஒருவர், முதியவர் ஒருவரின் கண்ணால் சிங்கப்பூர் வரலாற்றைப் பார்த்திருக்கிறார்.

*எது முக்கியம்?*

தொழில் பாடம் கற்றுக் கொண்டதா? ஓரளவு கற்றுக் கொண்டது. 1980களின் தொடக்கத்தில் விற்பனையில் பங்கு தரும் முறை பெரிய நிறுவனங்களில் வந்தது. 1992ஆம் ஆண்டு மார்வெல் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஓவியர்கள் எழுவர் வெளியேறி, படைத்தவருக்கே உரிமை என்ற கொள்கையுடன் இமேஜ் காமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களில் ராப் லைஃபெல்டுக்கு 24 வயதுதான். சீகலுக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. இவர்களுக்குச் சீகலின் கதை தெரிந்திருந்தது. 2000ஆம் ஆண்டு, நலிந்த மூத்த படைப்பாளிகளின் மருத்துவச் செலவுக்கும் வாடகைக்கும் உதவ ஓர் அறநிறுவனம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் ஒப்பந்தம் சரியாக இருந்திருந்தால் அப்படியோர் அறநிறுவனத்துக்கு அவ்வளவு வேலை இருந்திருக்காது.

ஆக, இரு தரப்பும் கேட்ட கேள்வியில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. நல்ல கதைக்கு வயது முக்கியமா என்றால், இல்லை. 14 வயதிலும் வந்திருக்கிறது, 61 வயதிலும் வந்திருக்கிறது. தொழிலில் வயது முக்கியமா என்றால், ஆம். இளையவர் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார். மூத்தவர் கையெழுத்துப் போட்டதன் விலையைப் பின்னர் கொடுக்கிறார். இருவரும் வெவ்வேறு மனிதர்கள் அல்லர். ஒரே மனிதரின் இரு வயதுகள்.

பிள்ளைகளில் யாரேனும் சித்திரக்கதை வரைகிறார் என்றால், பெற்றோர் அவருடைய வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வரையட்டும். முதல் காசோலை வீட்டுக்கு வரும் நாளில் மட்டும் அதைத் திருப்பி, பின்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கூட உட்கார்ந்து படித்துப் பார்த்தால் போதும். 1938ஆம் ஆண்டு கிளீவ்லேண்டில் அந்த இரண்டு இளைஞர்களுக்குப் பக்கத்தில் அப்படி உட்கார ஒருவரும் இருக்கவில்லை.